பிட்யூட்டரிக் கட்டி: மாத்திரையா, அறுவை சிகிச்சையா?

மாதவிலக்கு பல மாதங்களாகத் தள்ளிப்போகிறது. கர்ப்பமே தரிக்காத பெண்ணுக்கு மார்பில் பால் கசிகிறது. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதி மருத்துவரிடம் போகிறார்கள். ரத்தப் பரிசோதனையில் புரோலாக்டின் ஹார்மோன் ஒரு மில்லிலிட்டருக்கு 120 நானோகிராம் என்று வருகிறது. பெண்களுக்கு அது வழக்கமாக 25-க்குள் இருக்க வேண்டும். அடுத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன். ‘பிட்யூட்டரியில் 6 மி.மீ. கட்டி’ என்ற வரியைப் படித்ததும் வீடே கலங்கிப்போகிறது. “மூளையில் கட்டியாமே, உடனே ஆபரேஷன் பண்ணிடுங்க” என்கிறார் ஓர் உறவினர். “மண்டையைத் திறக்கவே விடாதீங்க” என்கிறார் இன்னொருவர்.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: இந்தக் கட்டி புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. பெரும்பாலும் நிதானமாக யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது. மாத்திரையா, அறுவை சிகிச்சையா என்பதைத் தீர்மானிப்பதில் கட்டியின் அளவைவிட, அது எந்த ஹார்மோனைச் சுரக்கிறது என்பதற்கே முக்கியப் பங்கு.

பட்டாணி அளவுச் சுரப்பி

மூக்கின் பின்பக்கம், மூளையின் அடியில், எலும்புக் குழி ஒன்றில் பட்டாணி அளவில் இருக்கிறது பிட்யூட்டரி. எடை சுமார் அரை கிராம். வளர்ச்சி, தைராய்டு, அட்ரீனல், மாதவிலக்கு, விந்து உற்பத்தி, தாய்ப்பால் என உடலின் பல வேலைகள் இதன் கட்டளைப்படி நடக்கின்றன. இதற்கு மேலேயே பார்வை நரம்புகள் குறுக்கிட்டுச் செல்கின்றன. இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகள்.

இங்கே வரும் கட்டி 10 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அதை மைக்ரோஅடினோமா என்கிறார்கள். பத்தில் ஒருவருக்கு இப்படி ஏதாவது ஒரு சிறு கட்டி இருக்கக்கூடும் என்பதை பிரேதப் பரிசோதனைகளும் ஸ்கேன்களும் காட்டியுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை எந்த ஹார்மோனையும் கூடுதலாகச் சுரப்பதில்லை; சிகிச்சையும் தேவைப்படுவதில்லை. சுரக்கும் கட்டிகளில்தான் சிக்கல். அவற்றில் அதிகம் காணப்படுவது புரோலாக்டினைச் சுரக்கும் கட்டி.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

பிட்யூட்டரியின் மற்ற ஹார்மோன்களுக்கு மூளையின் ஹைப்போதலாமஸ் ‘சுர’ என்று உத்தரவிடுகிறது. புரோலாக்டினுக்கோ டோபமைனை அனுப்பி ‘சுரக்காதே’ என்று சதா அடக்கிவைக்கிறது. டோபமைனைப் போலவே செயல்படும் ஒரு மருந்தைக் கொடுத்தால் கட்டியின் செல்களும் அடங்கும், சுருங்கவும் செய்யும். எர்காட் என்னும் பூஞ்சையின் வேதிப்பொருளிலிருந்து 1960-களில் உருவாக்கப்பட்ட புரோமோகிரிப்டின் இப்படித்தான் பயனுக்கு வந்தது. 1990-களில் வந்த கேபர்கோலினை வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை எடுத்தால் போதும். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் புரோலாக்டின் இயல்பு நிலைக்குத் திரும்புகிறது. பால் கசிவது நிற்கிறது, மாதவிலக்கு சீராகிறது. மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிப்பட்டுவிடலாம் என்பதால், இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்பவர்கள் முதல் மாத்திரையிலிருந்தே கருத்தடையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. குமட்டல், தலைசுற்றல், சட்டென்று எழுந்தால் கண்ணை இருட்டுவது ஆகியவை ஆரம்பத்தில் வரும். குறைந்த அளவில் தொடங்கி, சாப்பாட்டுக்குப் பிறகு இரவில் எடுத்தால் பலரால் தாங்கிக்கொள்ள முடிகிறது. சிலருக்கு மனத்தின் கட்டுப்பாடு தளர்ந்து சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு, மிகையான பாலுணர்வு என்று மாறுதல்கள் வரலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய பக்கவிளைவு இது. பார்க்கின்சன் நோய்க்கு மிக அதிக அளவில் கேபர்கோலின் எடுத்தவர்களில் சிலருக்கு இதய வால்வு பாதிக்கப்பட்டது. புரோலாக்டின் கட்டிக்குத் தரப்படுவது அதைவிட வெகு குறைவான அளவு.

எல்லாவற்றையும்விட முக்கியமான குறை காலம். குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது எடுத்து, கட்டி ஸ்கேனில் தெரியாமல் போன பிறகே மாத்திரையை நிறுத்திப் பார்ப்பார்கள். அப்படி நிறுத்தியவர்களில் கணிசமானோருக்குப் புரோலாக்டின் மறுபடி ஏறிவிடுகிறது. மாத்திரை கட்டியை அடக்கிவைக்கிறது, எல்லோருக்கும் அழித்துவிடுவதில்லை.

மூக்கு வழியாக அறுவை சிகிச்சை

இந்த அறுவை சிகிச்சைக்கு மண்டை ஓட்டைத் திறப்பதில்லை. 1907-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் ஹெர்மன் ஷ்லாஃபர் மூக்கின் வழியே பிட்யூட்டரியை எட்டினார். 1960-களில் கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஜூல்ஸ் ஹார்டி அறுவை நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார். சுரப்பியை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்க முடியும் என்று காட்டியவர் அவர்.

இப்போது சுமார் 4 மி.மீ. தடிமனுள்ள எண்டோஸ்கோப் மூக்குத் துளைக்குள் போகிறது. மூக்கின் பின்னால் உள்ள காற்றறையைத் திறந்ததும் பிட்யூட்டரிக் குழியின் மெல்லிய எலும்புத் தளம் தெரிகிறது. அதை அகற்றி, உறையைக் கீறினால் உள்ளே சுரப்பி. நல்ல சுரப்பி இறுக்கமாக, மஞ்சள் சாயலில் இருக்கும். கட்டி பெரும்பாலும் மென்மையாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். வளைய முனையுள்ள கருவியால் அதைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு மூளைத் தண்டுவட நீர் கசியாதபடி அடைப்பார்கள். சில நாட்களில் வீடு திரும்பலாம். சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிந்தாலோ, அடங்காத தாகமும் ஓயாமல் சிறுநீரும் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கைதேர்ந்தவர் செய்தால் சிறிய புரோலாக்டின் கட்டிகளில் 70 முதல் 90 சதவீதம் வரை குணமாகின்றன. ஆனால், கட்டி பக்கவாட்டில் தமனி ஓடும் பகுதிக்குள் நுழைந்திருந்தால் முழுதாக எடுப்பது கடினம். நல்ல சுரப்பிக்குக் காயம்பட்டால் வாழ்நாள் முழுக்க வேறு ஹார்மோன் மாத்திரைகள் தேவைப்படலாம்.

நீண்ட காலம் மாத்திரைக்கே முதலிடம் என்பது விதியாக இருந்தது. 2023-இல் வெளியான பன்னாட்டு பிட்யூட்டரி சங்கத்தின் ஒருமித்த வழிகாட்டுதல் அதைத் தளர்த்தியது. சிறிய, எல்லை தெளிவாக உள்ள கட்டியென்றால், அறுவை சிகிச்சையையும் முதல்நிலைத் தேர்வாக நோயாளியிடம் பேச வேண்டும் என்றது. பல ஆண்டுகள் மாத்திரை எடுக்க விரும்பாதவர், பக்கவிளைவுகளைத் தாங்க முடியாதவர் ஆகியோருக்கு இது நல்ல செய்தி. கர்ப்பம் தரிக்க விரும்புவோருக்கு மாத்திரையும் தடையல்ல. கர்ப்பம் உறுதியானதும் பொதுவாக நிறுத்திவிடுவார்கள். சிறிய கட்டி கர்ப்ப காலத்தில் தொந்தரவு தரும் அளவுக்கு வளர்வது அரிது. வயதின் காரணமாக மாதவிலக்கு நின்ற, தொந்தரவு இல்லாத பெண்ணுக்கோ கண்காணிப்பே போதுமானதாக இருக்கலாம்.

மற்ற ஹார்மோன்கள் என்றால்?

இங்கே கணக்கு மாறுகிறது. வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரந்தால் வருவது அக்ரோமெகலி. மோதிரம் இறுகும், செருப்பு அளவு கூடும், தாடை நீளும். கட்டியின் தூண்டுதலால் அட்ரீனல் சுரக்கும் கார்டிசால் மிகையாவது குஷிங் நோய். முகம் உருண்டையாகும், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், எலும்பு தேயும். இந்த இரண்டிலும் அறுவை சிகிச்சைதான் முதல் வழி. அக்ரோமெகலிக்கு மாதாந்தர ஊசிகளும், குஷிங் நோய்க்குக் கார்டிசாலைக் குறைக்கும் மாத்திரைகளும் உண்டு; ஆனால் அவை பெரும்பாலும் அறுவை சிகிச்சை பலிக்காதபோதோ செய்ய முடியாதபோதோதான். குஷிங் நோயை வளரவிடுவது உயிருக்கே ஆபத்து.

கேட்க வேண்டிய கேள்விகள்

முடிவெடுக்கும் முன் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். கர்ப்பம், தைராய்டு குறைபாடு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றாலும், வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், மனநோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளாலும் புரோலாக்டின் ஏறும். ஆகவே, நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநல மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆண்களுக்கும் இந்தக் கட்டி வரும். ஆசைக் குறைவு, விறைப்பின்மை ஆகியவற்றைச் சொல்லக் கூசுவதாலேயே அவர்களுக்குத் தாமதமாகத் தெரியவருகிறது.

பிறகு கேளுங்கள்: “என் கட்டி எந்த ஹார்மோனைச் சுரக்கிறது? பக்கவாட்டில் பரவியிருக்கிறதா? எத்தனை ஆண்டு மாத்திரை எடுக்க வேண்டியிருக்கும்? ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இந்த அறுவை சிகிச்சை செய்கிறீர்கள்?” கடைசிக் கேள்வியைக் கேட்பதில் தவறே இல்லை, அனுபவம் கூடக் கூட இதன் பலனும் கூடுகிறது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் இருவரையும் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.