சில்லு ஏன் துள்ளுகின்றது?

மாட்டு வண்டியிலே பயணஞ் செய்த காலத்தில், சில்லின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடச் சிறிது பாரமாயிருந்தால் அதனைப் பற்றி எவரும் கவலைப்பட்டதில்லை. கவலைப்பட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மணிக்கு 4 அல்லது 5 கிலோமீற்றர் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அந்த வேற்றுமை தெரியவே தெரியாது. மோட்டார் வாகனம் வந்த பின்னரே, சில்லு வட்டமாக இருந்தால் மட்டும் போதாது, எப்பக்கமும் ஒத்த பாரமுடையதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் உண்மை மனிதனுக்கு உறைத்தது.

இன்று நம் இளைஞர்கள் பலர் சேற்று வழிகளுக்கும் கல் வழிகளுக்குமென அமைந்த மோட்டார் சைக்கிள்களை விரும்பி வாங்குகின்றனர். உயர்ந்து நிற்கும் மட்கார்ட், மெலிந்த உடல், கட்டை கட்டையாகப் புடைத்த ரயர் ஆகியவற்றைக் கொண்டு இவற்றை எளிதில் அடையாளங் காணலாம். தியத்தலாவையில் நடந்த ஓட்டப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இவற்றை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்துச் சரிவிலே ஆடுபோல் ஏறிச் செல்லும் இவ்வண்டி, நல்ல தார் வீதிக்கு வந்து 70, 80 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டதும் பின்பக்கம் தடதடவென்று துள்ளத் தொடங்கும். வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும்; கூட்டினால் மீண்டும் துள்ளும். பின்னால் அமர்ந்து சென்ற தங்கை, இனி இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிடுவாள். வண்டியில் ஏதோ பெரும் பழுது நேர்ந்துவிட்டதென்று வீட்டார் அஞ்சுவர்.

பெரும்பாலும் அது பழுதே அன்று. வேண்டுமென்று வைக்கப்பட்ட ஒரு சிறு துண்டின் வேலை அது.

இத்தகைய வண்டிகளின் ரயரில் காற்றைக் குறைவாகவே அடைப்பது வழக்கம். சேற்றிலும் மணலிலும் ரயர் தட்டையாகப் பரந்து பிடிக்க வேண்டுமென்பதற்காகச் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 15 இறாத்தல் வரை வைத்து ஓட்டுவோர் பலர். அவ்வளவு குறைந்த காற்றில், ரயரின் ஓரம் றிம்மை இறுகப் பற்றாது. இயந்திரம் பலமாக இழுக்கும்போது றிம் ஒரு பக்கம் சுழல, ரயர் பின்தங்கி வழுக்கும். வழுக்கும் ரயர் உள்ளேயிருக்கும் ரியூப்பையும் சேர்த்து இழுக்கும். ஆனால் ரியூப்பின் வால்வோ றிம்மின் துவாரத்தில் அகப்பட்டு நிற்கின்றது. இழுபறியிலே வால்வு அடியோடு பிய்ந்துவிடும். ஆணி குத்தினாற் காற்று மெல்ல இறங்கும். ஒட்டுப் போட்டு வீடு வந்து சேரலாம். வால்வு பிய்ந்தால் காற்று முழுவதும் ஒரே மூச்சில் வெளியேறும். ஒட்டுப் போடவும் வழியில்லை. அந்த நேரத்தில் வண்டி வளைவிலே சாய்ந்திருந்தால் என்னவாகும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இதனைத் தடுக்கவே "றிம் லொக்" என்னும் பிடி பொருத்தப்படுகின்றது. றப்பர் பூசிய வளைந்த தகடு ஒன்று ரயருக்குள்ளே இருக்கும். அதன் திருகுத் தண்டு றிம்மின் துவாரத்தால் வெளியே வரும். வெளியே உள்ள சுரையை முறுக்கினால், தகடு ரயரின் ஓரத்தை றிம்மோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எளிய கருவி, அரிய சேவை. ஆனால் அதன் பாரம் ஏறக்குறைய 100 முதல் 200 கிராம் வரை. அவ்வளவும் சில்லின் ஒரே இடத்தில் வந்து குந்திக்கொள்கின்றது.

நூறு கிராம் என்ன பெரிய பாரமா என்று கேட்கலாம். நின்றுகொண்டிருக்கும் சில்லில் அது ஒன்றுமேயில்லை. சுழலும் சில்லிலோ கணக்கு வேறு. 18 அங்குல றிம்மில் 150 கிராம் அதிகமாக இருப்பதாகக் கொள்வோம். வண்டி மணிக்கு 20 கிலோமீற்றர் செல்லும்போது, அத்துண்டு சில்லை வெளிநோக்கி இழுக்கும் விசை ஒரு கிலோகிராம் பாரத்துக்குச் சமம். வேகம் இரட்டித்து 40 ஆனால், விசை இரட்டிப்பதன்று, நான்கு மடங்காகின்றது. 80 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறக்குறைய 16 கிலோகிராம்! ஒரு விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல், 16 கிலோகிராம் சில்லை ஒருமுறை மேலே தூக்கி ஒருமுறை கீழே அடிக்கின்றது. சில்லு துள்ளாமல் வேறென்ன செய்யும்?

இவ்விடத்திலேதான் சிலர் தவறான வழியைத் தெரிந்தெடுக்கின்றனர். துள்ளலுக்குக் காரணம் றிம் லொக் என்று அறிந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, "பார், வண்டி எவ்வளவு சுகமாக ஓடுகின்றது!" என்று பெருமைப்படுகின்றனர். சுகமாகத்தான் ஓடும், வால்வு பிய்யும் நாள் வரையில். குறைந்த காற்றில் ஓட்டுபவர் அந்தப் பிடியை ஒருபோதும் கழற்றலாகாது. அதற்கு எதிர்ப் பக்கத்தில் ஒத்த பாரத்தைக் கட்டுவதே முறை. அதற்கு விலையுயர்ந்த யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பூமியின் ஈர்ப்பு விசை இலவசமாகக் கிடைக்கின்றது. ஒரே உயரமுள்ள இரண்டு நாற்காலிகள், ஒரு சுண்ணக்கட்டி, சிறிது ஈயக் கம்பி, மின்சார வேலைக்காரர் பயன்படுத்தும் ஒட்டு நாடா, இவை போதும்.

ஈயத்தை எடுப்பதற்கு முன் சில்லைச் சோதித்தல் அவசியம். முதலில் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். கம்பிகளின் அடியிலும் றிம்மின் ஓரத்திலும் காய்ந்து கிடக்கும் சேறே சில வேளை றிம் லொக்கைவிடப் பாரமாயிருக்கும். சேற்றுக்கு எதிராக ஈயம் கட்டிப் பயனில்லை. பின்பு, வண்டியின் அடியிலே உறுதியான மரப்பெட்டியை வைத்துச் சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். "டக், டக்" என்று ஆடினால் பெயாரிங் தேய்ந்திருக்கின்றது. கம்பிகளைச் சிறிய ஸ்பனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுகிய கம்பி வீணைத் தந்திபோல் ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக முனகும். ஒரு குச்சியை அசையாமல் றிம்மின் அருகே பிடித்துச் சில்லைச் சுற்றினால், றிம் கோணலா நேரா என்பது வெளியாகும். ரயரின் பக்கத்திலே றிம்மை ஒட்டி வட்டமாக ஓடும் மெல்லிய கோடொன்று உண்டு. அது எங்கும் ஒரே இடைவெளியில் நிற்க வேண்டும். ஓரிடத்தில் றிம்முக்குள் அமிழ்ந்திருந்தால் ரயர் சரியாக உட்காரவில்லை என்பது பொருள். இக்குறைகளுள் ஒன்று இருந்தாலும் அதனை முதலில் நீக்கல் வேண்டும். துள்ளலை ஈயத்தால் மறைத்துவிட்டுத் தேய்ந்த பெயாரிங்கோடு ஓடுவது, காய்ச்சலைக் குறைத்துவிட்டு நோயை வளர்ப்பது போலாகும்.

இனிச் சில்லைக் கழற்றி, அதன் அச்சை மீண்டும் நடுவே செருகி, அச்சின் இரு நுனிகளும் இரண்டு நாற்காலிகளின் மேல் தங்குமாறு வையுங்கள். நாற்காலிகள் அசையாதிருப்பது முக்கியம். சில்லு தன் பெயாரிங்கிலே தங்கு தடையின்றிச் சுழல வேண்டும். தூசி புகாதிருக்க வைத்த றப்பர் வளையங்கள் அச்சை இறுகப் பிடித்தால் அவற்றுக்குச் சிறிது கிறீஸ் தடவலாம். சில்லு வெளியே இருக்கும்போது டிஸ்க் பிறேக்கின் பிடியை எவரும் அழுத்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்; வீட்டிலே சிறுவர் இருந்தால் இதனை இருமுறை சொல்லி வைப்பது நன்று.

சில்லை மெல்லத் தள்ளிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடி அது ஓய்ந்து நிற்கும். அப்போது அடியிலே இருக்கும் இடமே பாரமான இடம். அதிலே சுண்ணக்கட்டியால் ஒரு கோடிடுங்கள். ஒரு முறையோடு நம்பிவிடுதல் ஆகாது. பெயாரிங்கின் உராய்வினால் சில்லு சரியான இடத்துக்குச் சற்று முன்னதாகவே நின்றுவிடும். ஆகையால் வலப்புறமாக இரண்டு மூன்று தடவையும், இடப்புறமாக இரண்டு மூன்று தடவையும் தள்ளிப் பார்த்து, விழுந்த கோடுகளின் நடுவையே பாரமான இடமாகக் கொள்க. பெரும்பாலும் அது றிம் லொக்கின் அருகிலேயே இருக்கும். வேறெங்கோ இருந்தால், மறுபடியும் றிம்மையும் ரயரையும் சோதிப்பது புத்தி.

பாரமான இடம் மணிக்கூட்டில் 3 மணி முள் நிற்கும் இடத்துக்கு வருமாறு சில்லைத் திருப்புங்கள். அதற்கு நேரெதிரே, 9 மணி நிற்கும் இடத்திலுள்ள கம்பிகளில் சிறிது ஈயக் கம்பியை நாடாவினால் தற்காலிகமாக ஒட்டிக் கையை விடுங்கள். பாரமான பக்கம் இறங்கினால் இன்னும் சேர்க்க. ஈயப் பக்கம் இறங்கினால் வெட்டிக் குறைக்க. இரண்டு பக்கமும் இறங்காமல் சில்லு நிற்கும் வரை இதனைச் செய்தல் வேண்டும். இங்கே அவசரப்படுவோர் அரைகுறையாகவே முடிப்பர். பின்னர் சில்லைக் கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பி, நான்கு நிலைகளிலும் கையை விட்டுப் பாருங்கள். விட்ட இடத்திலே விட்டபடி நின்றால் வேலை முடிந்தது. ஒரு நிலையில் நின்று மற்றொன்றில் உருண்டால், ஈயம் நேரெதிரே இல்லை. ஒன்றிரண்டு கம்பி தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்.

ஈயத்தைக் கம்பியின் எந்த இடத்திலே கட்டுவது? றிம்மை ஒட்டி, நிப்பிளுக்கு அருகிலே கட்ட வேண்டும். தராசுக் கோலின் நுனியிலே தொங்கும் படிக்கல்லுக்கும் நடுவிலே தொங்கும் படிக்கல்லுக்கும் உள்ள வேறுபாடுதான் இதிலும். கம்பியின் பாதியிலே கட்டினால் ஏறக்குறைய இரட்டிப்பு ஈயம் வேண்டியிருக்கும். நூறு கிராமுக்கு மேற்பட்ட ஈயம் ஒரே கம்பியில் அடங்காது. அருகருகே உள்ள மூன்று நான்கு கம்பிகளுக்குப் பகிர்ந்து, இடைவெளியில்லாமல் நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் நாடாவை இறுகச் சுற்றிவிடலாம். றிம்மில் ஒட்டும் பசைத் துண்டுகளும் கடைகளிற் கிடைக்கின்றன. மோட்டார் காருக்கு அவை நல்லவை. சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கி ஏறும் வண்டிக்கு அவ்வளவாக ஏற்றவையல்ல. ஈயம் நஞ்சு என்பதை மறவாதீர்கள். சாப்பாட்டு மேசையில் இவ்வேலையைச் செய்யலாகாது. முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதோடு, வெட்டி விழுந்த துணுக்குகளையும் பொறுக்கிவிட வேண்டும்.

எதிர்ப் பக்கத்திலே இரண்டாவது றிம் லொக் ஒன்றைப் பொருத்துவோரும் உண்டு. பிடியும் கூடுகின்றது, சமநிலையும் தானே வந்துவிடுகின்றது. ஆனால் றிம்மிலே புதிதாகத் துவாரம் போட வேண்டும். வழியிலே ரயர் கழற்றுவதும் இரட்டிப்புப் பாடு. பெரிய இயந்திரமுள்ள வண்டியைச் சேற்றிலே போட்டு வாட்டுகின்றவருக்கு அது தகும். வேலைக்கும் சந்தைக்கும் தார் வீதியால் போய்வந்து, இடையிடையே காட்டு வழி போகின்றவருக்கு ஈயமே போதும் என்பது என் கருத்து.

இம்முறையால் அறியப்படுவது நிற்கும் நிலையிலுள்ள சமநிலை மட்டுமே. அகன்ற காரின் சில்லிலே உட்பக்கமும் வெளிப்பக்கமும் தனித்தனியே சமப்பட வேண்டும். அதற்கு யந்திரம் தேவை. மோட்டார் சைக்கிளின் சில்லு ஒடுங்கியது. ஆதலால் இம்முறை அதற்குப் போதுமானது. ஓட்டப் போட்டிக்காரர் இதனையெல்லாம் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஒரு சுற்று ஓடுவதற்குள் சில்லிலே அள்ளிக்கொள்ளும் சேறு எந்தச் சமநிலையையும் குலைத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

புதிய ரயர் மாட்டும்போது இன்னுமொரு விடயத்தைக் கவனிக்கலாம். சில ரயர்களில் பாரங் குறைந்த இடத்தைக் காட்ட ஒரு வர்ணப் புள்ளி இட்டிருப்பர். சாதாரணச் சில்லில் அதை வால்வுக்கு நேரே வைப்பது வழக்கம். றிம் லொக் உள்ள சில்லில் லொக்குக்கு நேரே வைத்தால் ஈயம் குறைவாகவே தேவைப்படும். வால்வைச் சுற்றியுள்ள சிறு சுரையை றிம்மோடு முறுக்காமல் மூடியோடு சேர்த்து மேலே விட்டுவையுங்கள். ரயர் வழுக்கத் தொடங்கினால் வால்வு ஒரு பக்கம் சாய்ந்து காட்டிக்கொடுக்கும். சாய்ந்த வால்வைக் கண்டால் றிம் லொக்கின் சுரை தளர்ந்திருக்கின்றது என்று அறிக.

சில்லை மீண்டும் பூட்டியதும் கையால் மெல்லச் சுற்றி, கட்டிய ஈயம் பிறேக்கிலோ செயினிலோ உரசுகின்றதா என்று பாருங்கள். அச்சின் சுரையை வண்டியின் கைந்நூலிற் கூறிய அளவுக்கு முறுக்கி, செயினின் தளர்வைச் சரிபார்த்து, பிறேக் பிடி இறுகும் வரை சில தடவை அழுத்திவிட்டே வீதிக்கு இறங்க வேண்டும். முதல் நாள் ஓடி வந்த பின் நாடா இளகியிருக்கின்றதா என்று தொட்டுப் பாருங்கள். அடுத்த ரயர் மாற்றும்போது பழைய ஈயத்தை அவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலிகளை மறுபடியும் எடுத்துப் போட வேண்டியதுதான்.