டிரையத்லானில் சைக்கிள் கட்டம்: வண்டியும் பயிற்சியும்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் ஓய்வில்லாமல் அடுத்தடுத்து முடிக்கும் போட்டி டிரையத்லான். 2000ஆம் ஆண்டு சிட்னியில் இது ஒலிம்பிக்கில் சேர்ந்தது. ஒலிம்பிக் தொலைவில் நீச்சல் 1.5 கி.மீ., சைக்கிள் 40 கி.மீ., ஓட்டம் 10 கி.மீ. கோவாவில் 2019இல் முதன்முறையாக நடந்த அயர்ன்மேன் 70.3 என்ற நீண்ட தொலைவு டிரையத்லானில் சைக்கிள் 90 கி.மீ.; முழு அயர்ன்மேனில் 180 கி.மீ. பெரும்பாலானவர்களுக்கு அதிக நேரம் பிடிப்பது இந்தக் கட்டம்தான்.

முதல் போட்டிக்கு, மெல்லிய டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் உள்ள சாதாரண ரோடு சைக்கிளே போதும். டிரையத்லானுக்கென்றே வரும் சைக்கிளில் முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்ட ஏரோ பார் இருக்கும். காரணம் காற்று. சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தைத் தாண்டினால், மிதிக்கும் சக்தியில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. வேகம் இரு மடங்கானால் அதற்குத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். அந்தக் காற்றைத் தடுத்து நிற்பது வண்டியைவிட ஓட்டுபவரின் உடம்புதான். எனவே உடம்பு குறுகினால் வேகம் கூடும். ஆனால் ஏரோ பாரில் கை இருக்கும்போது பிரேக் எட்டாது. திருப்பங்களிலும் பக்கக் காற்றிலும் வண்டி அலையும். ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்ட அனுமதிக்கும் ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் இந்தச் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. ஆகவே விதிகளைப் படித்த பிறகே வண்டி வாங்க வேண்டும்.

விலையைவிட அளவு முக்கியம். சீட்டில் அமர்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து மிதிக்கும்போது, பெடல் கீழே வருகையில் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட் அதிக உயரமாக இருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும்.

பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் ஒதுக்கலாம். ஒருநாள், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய நிதானத்தில் நீண்ட சவாரி. இன்னொரு நாள், 8 நிமிடம் கடுமையாகவும் 4 நிமிடம் மெதுவாகவும் மூன்று முறை. மூன்றாம் நாள், சைக்கிளை விட்டு இறங்கியதும் ஷூவை மாற்றி 15 நிமிட ஓட்டம். முதல் சில நிமிடங்களுக்குக் கால்கள் மரக்கட்டையாகக் கனக்கும். அந்தக் கனத்துக்குக் கால்களைப் பழக்குவதே இதன் நோக்கம். கடினமான கியரில் அழுத்தி மிதிப்பதைவிட, இலேசான கியரில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று மிதிப்பது ஓட்டத்துக்குக் கால்களை மிச்சம் வைக்கும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளும் சவாரியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் கிடைக்கும். எதைச் சாப்பிடுவது என்பதைப் பயிற்சியிலேயே பழகிவிட வேண்டும். போட்டியன்று புதிதாக எதையும் வயிற்றில் சோதிக்கக் கூடாது.

நீரிலிருந்து வந்ததும் ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொடலாம்; மீறினால் தண்டனை உண்டு. வழியில் பஞ்சரானால் ஓட்டுபவரே டியூப் மாற்ற வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உதவுவது விதிமீறல். டியூப், டயர் லீவர், கைப்பம்பு மூன்றையும் சீட்டுக்கடியில் கட்டிக்கொண்டு, வீட்டிலேயே நாலைந்து முறை கழற்றி மாட்டிப் பழகியவர்தான் போட்டிக்குத் தயாரானவர்.