அச்சு முறிந்த ஊரும் அரைப் புள்ளியும்

பையன் பந்தயம் ஆடிவிட்டு வீடு திரும்புகிறான். முழங்காலெல்லாம் புழுதி. அவன் வாசற்படி ஏறுவதற்குள் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "ஜயித்தாயா, தோற்றாயா?" என்பதுதான். "உன்னோடு ஆடியவர்களுக்கு நீ துணையாக இருந்தாயா?" என்று கேட்கும் அப்பாக்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு முறை அச்சரப்பாக்கத்துக்குப் போய் வாருங்கள். மதுராந்தகத்தைத் தாண்டித் திண்டிவனம் போகும் பெரிய சாலையில் இருக்கிறது அந்த ஊர். திருஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம். அங்கே கோயில் கொண்டிருப்பவர் ஆட்சீசுவரர்.

ஊரின் பெயருக்கே ஒரு கதை உண்டு. திரிபுரத்தை அழிக்கச் சிவபெருமான் தேர் ஏறினார். சாமானியத் தேரா அது? பூமி தேர்த்தட்டு, சூரிய சந்திரர் சக்கரங்கள், நான்கு வேதங்களும் குதிரைகள், பிரம்மா சாரதி, மேருமலை வில், வாசுகி நாண், திருமால் அம்பு. இதைவிடப் பலமான கோஷ்டி எங்கேயாவது சேர்ந்ததுண்டா? ஆனால் புறப்பட்ட அவசரத்தில் பிள்ளையாரை நினைக்க மறந்துவிட்டார்கள். அச்சு முறிந்தது! அச்சு இற்ற பாக்கம் அச்சிறுபாக்கமாகிப் பிறகு அச்சரப்பாக்கம் ஆயிற்று.

கதையின் முடிவு இன்னும் ருசிகரமானது. பிள்ளையாரை வணங்கிய பிறகு தேர் போய்ச் சேர்ந்தது. "நம்மால்தானே வெற்றி!" என்று அதில் பங்கு கொண்ட தேவர்கள் கர்வப்பட்டார்களாம். பெருமான் அம்பு தொடுக்கவில்லை. சிரித்தார். மூன்று கோட்டைகளும் சாம்பலாயின.

"புராணம் இருக்கட்டும். நம் காலத்துச் சங்கதி உண்டா?" என்கிறீர்களா? அதற்கும் வெகுதூரம் போகவேண்டாம். இதே செங்கற்பட்டு மாவட்டத்தில், மல்லன் ஒருவனின் பட்டப் பெயரைத் தாங்கிய மாமல்லபுரத்தில், 2022-ஆம் ஆண்டு ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டு முதலிலும் 44-வது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. மாஸ்கோவில் நடக்கவேண்டிய போட்டி. ருஷ்ய-உக்ரேன் யுத்தத்தால் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

சதுரங்கம் இருவர் ஆட்டம்தானே, அதில் கோஷ்டி எங்கே வந்தது? ஒலிம்பியாட்டில் ஒரு நாட்டுக்கு நான்கு பலகை. நால்வர் ஆடுவார்கள், ஐந்தாமவர் மாற்று ஆட்டக்காரர். நால்வரின் புள்ளிகளையும் கூட்டித்தான் அன்றைய வெற்றியும் தோல்வியும். ஆகவே ஆட்டக்காரர் தம் பலகையை மட்டும் பார்த்தால் போதாது. 'நான் ஜயிக்க இடம் இருக்கிறது. ஆனால் கோஷ்டிக்கு அரைப் புள்ளி போதும்' என்றால், ஆசையை அடக்கிக்கொண்டு ஆட்டத்தைச் சமனில் முடிக்க வேண்டும். பேர் வராது, பத்திரிகையில் படமும் வராது. ஆனால் தேருக்கு அச்சு அதுதான்.

சென்னையைச் சேர்ந்த குகேஷுக்கு அப்போது 16 வயது. இந்தியாவின் இரண்டாவது கோஷ்டிக்கு முதல் பலகையில் ஆடினார். தொடர்ந்து 8 ஆட்டங்கள் ஜயம்! பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுடன் ஆட்டம். ஜயிக்கக்கூடிய நிலை. விடாமல் முயன்றார், ஒரு தவறு, தோற்றார். அந்தச் சுற்று 2-2 என்று முடிந்தது. உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம் கிடைத்தது. நம் பையன்களுக்கு வெண்கலம்.

ஆனால் மறுநாள் குகேஷ் அதே முதல் பலகையில் வந்து உட்கார்ந்தார். ஜெர்மனியை அவருடைய கோஷ்டி 3-1 என்று வென்றது. அச்சு முறிந்த மறுநாளே தேர் ஓடிற்று. ஒருவர் தடுமாறினால் தாங்குவதற்குத்தானே மற்ற மூவர்?

பெண்கள் பிரிவைப் பாருங்கள். துரோணவல்லி ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணி. 2004-ல், 13 வயதில், முதல் ஒலிம்பியாட் ஆடியவர். 18 வருஷங்களாகக் கைக்கு எட்டாத பதக்கத்துக்காக அந்த நிலையிலும் வந்து ஆடினார். கடைசிச் சுற்றுவரை நம் பெண்களே முன்னணியில் இருந்தார்கள். அன்று அமெரிக்காவிடம் 3-1 என்று தோற்று மூன்றாம் இடத்துக்கு இறங்கினார்கள். தங்கம் நழுவியது மெய்தான். ஆயினும் ஒலிம்பியாட்டில் இந்தியப் பெண்கள் பெற்ற முதல் பதக்கம் அந்த வெண்கலம்.

தங்கம் வென்றவர்கள் யார் தெரியுமா? உக்ரேன் பெண்கள். தாய்நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருக்க, இங்கே அமைதியாகக் காய் நகர்த்தினார்கள். அவர்களுக்கு அது வெறும் பதக்கக் கணக்காகவா இருந்திருக்கும்? பாலஸ்தீனத்திலிருந்து 8 வயதுச் சிறுமி ஒருத்தியும் ஆட வந்திருந்தாள். அவள் என்ன, கோப்பைக்கா வந்தாள்?

இன்னொருவர் ஆடவே இல்லை. ஐந்து முறை உலக சாம்பியனான விசுவநாதன் ஆனந்த், தம் இடத்தை இளைஞர்களுக்கு விட்டு, அவர்களுக்கு வழிகாட்டியாக நின்றார்.

பிறகு 2024-ல் புடாபெஸ்டில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் இந்தியாவுக்கே தங்கம் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். 'பார்த்தீர்களா, தோல்வியே வெற்றிக்குப் படி' என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மை. எல்லாத் தோல்வியும் வெற்றியில் முடிவதில்லை. புடாபெஸ்டில் தங்கம் கிடைக்காமலே போயிருந்தாலும், மாமல்லபுரத்தில் அந்தப் பையன் மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்தானே, அதன் மதிப்பு ஒரு குன்றிமணி குறைந்திருக்காது.

கோப்பை ஒரு கோஷ்டிக்குத்தான். மற்ற நூற்றுக்கணக்கான கோஷ்டிகள் எதற்காக வருகின்றன? தன் பலகையை யோக்கியமாகக் காப்பதற்கு. பக்கத்துப் பலகைக்காரன் சோர்ந்தால் தாங்குவதற்கு. இவை இரண்டும் தோற்றவனுக்கும் உண்டு.

நாளைக்குப் பையன் புழுதியோடு வரும்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவன் சற்று யோசிப்பான். அந்த யோசனையே போதும்.