ரிசல்ட் வருவதற்குள் சாத்திவிடும் கதவுகள்

தருமபுரியில் சேலம் பஸ் ஏறினால் சிறிது நேரத்திலேயே அதியமான்கோட்டை வந்துவிடும். காலபைரவர் கோயிலுக்கு வருகிறவர்கள் இறங்கும் ஊர். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் 844ஆம் எண் சாலை, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைத் தொடுவதும் இங்கேதான். இங்கிருந்து தெற்கே போனால், சேலம் நகருக்குள் நுழையும் முன்பே சாலையோரம் பெரியார் பல்கலைக்கழகம். வடக்கே போனால் கிருஷ்ணகிரியைத் தாண்டி பெங்களூரு. அங்கே 1909இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம்.

இரண்டுக்கும் ஒரே சாலைதான். ஆனால் காலண்டர் வேறு.

இளங்கலை இறுதியாண்டு மாணவர்களிடம் மேற்படிப்பைப் பற்றிக் கேட்டால் வழக்கமாக வரும் பதில், "பரீட்சை முடியட்டும், ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கலாம்" என்பதே. அரசுக் கலைக் கல்லூரிகளைப் பொறுத்தவரை இதில் தவறில்லை. அங்கே முதுகலைச் சேர்க்கை பெரும்பாலும் மே மாதத்துக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். மற்ற கதவுகளோ அதற்கு வெகுமுன்பே சாத்தப்பட்டுவிடும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க எழுதும் 'ஜாம்' தேர்வுக்கு செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். எம்.டெக்.குக்கான 'கேட்' தேர்வும் ஏறக்குறைய இதே கணக்கு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு வழிவிடும் 'க்யூட் பி.ஜி.'க்கு டிசம்பர், ஜனவரியில் கண் வைத்திருக்க வேண்டும். எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' அதையொட்டி வரும். இறுதியாண்டு மாணவர்கள் இவை எல்லாவற்றையும் எழுதலாம். பட்டம் கையில் இருக்கத் தேவையில்லை. ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தவருக்கு மிஞ்சுவது உள்ளூர்க் கதவு மட்டும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். ஜாம் மதிப்பெண் அந்த ஆண்டோடு சரி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் தன் ஒருங்கிணைந்த பிஎச்.டி. படிப்புகளுக்கு ஜாம் மதிப்பெண்ணை ஏற்கிறது என்பதால், ஒரே தேர்வு இரண்டு வாசல்களுக்கு உதவும்.

தேர்வைவிட அதிகம் பேரைத் தடுக்கிவிடுவது ஒரு தாள். நம் வீட்டுப் பீரோவில் இருக்கும் சாதிச் சான்றிதழில் பி.சி. என்றோ எம்.பி.சி. என்றோ எழுதியிருக்கும். மத்திய அரசு நிறுவனங்களின் விண்ணப்பத்தில் எம்.பி.சி. என்ற பிரிவே கிடையாது. அவர்கள் கேட்பது 'ஓ.பி.சி. நான் கிரீமி லேயர்' சான்றிதழ். அதுவும் மத்திய அரசின் படிவத்தில், அவர்கள் குறிப்பிடும் நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு ரூ.8 லட்சம், விவசாய வருமானம் அந்தக் கணக்கில் சேராது. இது தெரியாமல் பொதுப்பிரிவில் விண்ணப்பித்துவிட்டு, கட்-ஆஃப் வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடிப் பயனில்லை.

அடுத்தது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் 'எம்' என்று ஒற்றை எழுத்தாக நிற்கும் அப்பாவின் பெயர், பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டத்தில் முழுசாக விரிந்திருக்கும். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இந்த மூன்றையும் முதலில் ஒன்றாக்கிக்கொள்வது நல்லது.

எங்கே படிப்பது என்பதைவிட, யாரிடம், எதைப் படிப்பது என்ற கேள்வி முக்கியம். இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். அங்கே மாணவராக இருந்த சு. சந்திரசேகர் அவரைப் போய்ப் பார்த்துப் பேசி, புதிய குவாண்டம் புள்ளியியலைத் தெரிந்துகொண்டார். அதை வைத்து ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஆர்.எச். ஃபௌலருக்கு அனுப்பினார். வெண்குறு விண்மீன்கள் பற்றிய ஃபௌலரின் ஆய்வை அவர் முன்பே படித்திருந்தார். கட்டுரை 1929இல் ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது. மறு ஆண்டு அரசு உதவித்தொகையுடன் கப்பலேறிய சந்திரசேகர், அதே ஃபௌலரிடம் மாணவராகச் சேர்ந்தார். 1983இல் நோபல் பரிசு.

எல்லோரும் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் சேர நினைக்கும் துறையின் ஆசிரியர்கள் அண்மையில் என்ன எழுதியிருக்கிறார்கள், ஆய்வகத்தில் என்ன கருவிகள் இருக்கின்றன, முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கலாம். 'எஸ்.ஓ.பி.' என்னும் நோக்க அறிக்கைக்குச் சரக்கு அதில்தான் கிடைக்கும். "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்ற வரியைவிட, மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டில் எந்த இடத்தில் கணக்கு உதைத்தது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்ற ஒரு பத்தி கனமானது. பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியருக்கும் இந்த அறிக்கையின் நகலைக் கொடுத்து, இரண்டு மாதம் அவகாசமும் கொடுத்தால், அவர் கடிதமும் உயிரோடு இருக்கும்.

எத்தனை இடத்துக்கு விண்ணப்பிப்பது? அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரத் தாமதித்தபோது, ஔவையார் வாயில்காவலனிடம் கோபித்துக்கொண்டு வேறு ஊர் போகக் கிளம்பியதைப் புறநானூற்றின் 206ஆம் பாடல் சொல்கிறது. ஒரே வாசலில் காத்துக் கிடக்க அவர் தயாராக இல்லை. கிடைப்பது கடினமான இடம் இரண்டு, கிடைக்கக்கூடியது இரண்டு, நிச்சயம் கிடைக்கும் என்பது ஒன்று என்று ஐந்து இடங்களைப் பிரித்துவைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பணக் கணக்கையும் அப்போதே போட்டுவிடலாம். கேட் மூலம் எம்.டெக். சேர்கிறவர்களுக்கு மாதம் ரூ.12,400 உதவித்தொகை உண்டு. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் ரூ.7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை; ஆனால் ஓராண்டுச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும்.

ஆகஸ்டில் இந்த வேலையைத் தொடங்கியவருக்கு, அடுத்த ஆண்டு தருமபுரி அரசுக் கலைக் கல்லூரியின் சேர்க்கை அறிவிப்பு வரும்போது கையில் வேறு இரண்டு பதில்களாவது இருக்கும். அவர் தருமபுரியிலேயே சேரலாம். பைசுஅள்ளியில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழக முதுநிலை விரிவாக்க மையத்துக்கும் போகலாம். அப்போது அது வேறு வழியில்லாமல் போன இடமாக இருக்காது.