மருந்து பிழைத்தது, பங்கு செத்தது

சியாட்டில் நகரத்து டென்ட்ரியான் நிறுவனத்தின் ‘புரோவெஞ்ச்’ சிகிச்சைக்கு, 2010 ஏப்ரல் 29 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி அளித்தது. முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கானது அது. நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்து, ஆலைக்கு அனுப்பி, புற்றை எதிர்க்கப் பழக்கி, மறுபடி அவர் உடம்பிலேயே ஏற்றுவார்கள். ஆய்வில், இதைப் பெற்றவர்கள் ஏறத்தாழ 4 மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

டென்ட்ரியான் பங்கை விடாமல் வைத்திருந்த சிறு முதலீட்டாளர்கள் அதுவரை பட்ட பாடு கொஞ்சமல்ல. 2007 மார்ச்சில் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு சாதகமாக வாக்களித்ததும் பங்கு ஒரே நாளில் இரு மடங்குக்கு மேல் எகிறியது. மே மாதம் ‘கூடுதல் ஆதாரம் வேண்டும்’ என்ற பதில் வந்ததும் பாதிக்கு மேல் கரைந்தது. அதையும் தாங்கி நின்றவர்கள், 2010இல் ஜெயித்துவிட்டோம் என்று நம்பியதில் என்ன தவறு? அவர்கள் நம்பிய மருந்து வேலை செய்தது.

விற்பனைதான் காலை வாரியது. சிகிச்சையின் விலை அப்போது 93,000 டாலர். மருத்துவர் முதலில் தன் பணத்தைப் போட்டு வாங்கி, காப்பீட்டுப் பணம் பிறகு வரும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. பலர் தயங்கினார்கள். 2011இல் ‘ஸைடிகா’ என்ற மாத்திரை வேறு போட்டிக்கு வந்தது. அந்த ஆகஸ்டில், 35 முதல் 40 கோடி டாலர் வரை விற்போம் என்ற தன் கணிப்பை நிறுவனமே திரும்பப் பெற்றது. மறுநாள் பங்கு 67 சதவீதம் சரிந்தது.

புதியவர்கள் வந்து மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஐம்பது டாலருக்கு மேல் விற்ற பங்கு போகப்போக இரண்டு, மூன்று டாலருக்குக் கிடைக்கிறதே என்று கை பரபரக்கும். விலை மலிவாக இருப்பதால் ஆபத்து குறைந்துவிடாது. கையிருப்புப் பணம் எத்தனை மாதம் தாங்கும், கடனை எப்போது திருப்ப வேண்டும் என்பவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. பணம் தீர்ந்தால் நிறுவனம் புதுப் பங்குகளை வெளியிடும். பழைய பங்குதாரரின் பாத்தியதை சுருங்கும். டென்ட்ரியானின் கழுத்தில் சுமார் 62 கோடி டாலர் கடன் பத்திரங்கள் தொங்கின. நிறுவனம் மூழ்கும்போது முதல் பந்தி கடன் கொடுத்தவர்களுக்குத்தான். பங்குதாரருக்குக் கடைசிப் பந்தி. பெரும்பாலும் அதற்குள் சோறு தீர்ந்திருக்கும்.

இப்படி வாங்குபவர்களில் நோயாளிகளின் உறவினர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் என் மனதை அறுக்கிறது. மருந்துக்குத் துணை நிற்கிறோம் என்று நினைத்து வாங்குகிறார்கள். ஆனால் சந்தையில் பங்கு வாங்கினால் பணம் விற்றவருக்குப் போகிறது, ஆய்வகத்துக்கு அல்ல. இதை அவர்களிடம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

2014 நவம்பரில் டென்ட்ரியான் திவால் மனு போட்டது. பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மருந்தை வேலியண்ட் நிறுவனம் வாங்கி, 2017இல் சீனாவின் சான்பவர் குழுமத்துக்குச் சுமார் 82 கோடி டாலருக்கு விற்றது. பழைய பங்குதாரர் எவருக்கும் அதில் ஒரு சென்ட்கூடச் சேரவில்லை.