தென்னை நார்க்கழிவும் நீரிலுள்ள கன உலோகங்களும்

மின்முலாம் பூசும் தொழிற்சாலைகளின் கழிவுநீரில் நிக்கல், குரோமியம் முதலிய கன உலோகங்கள் கரைந்திருப்பதுண்டு. நீரைக் கொதிக்க வைப்பதால் இவை அகலா. நீர் ஆவியாகிக் குறையுமளவுக்கு எஞ்சிய நீரில் இவற்றின் செறிவு கூடவே செய்யும். இவற்றைப் பற்றிக்கொள்ளும் பொருளொன்று தேவை. அப்பொருள் மலிவாகவும் இருத்தல் வேண்டும்.

மும்பையைச் சேர்ந்த டிராம்பேயில் 1954-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அணுசக்தி நிலையம், 1967-இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அம்மையத்தின் விஞ்ஞானிகள் தென்னை நார்க்கழிவை இப்பணிக்கெனச் சோதித்து, யுரேனியத்தைப் பற்றிய முடிவுகளை 2005-லும், கோபால்ட், குரோமியம், நிக்கல் ஆகியவற்றைப் பற்றிய முடிவுகளை 2006-லும் வெளியிட்டனர். தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரிக்கும்போது உதிரும் தூளே நார்க்கழிவு ஆகும். பொள்ளாச்சி வட்டாரத்தார் இதனை நன்கு அறிவர்.

இத்தூளில் லிக்னினும் செல்லுலோஸும் மிகுதி. இவற்றிலுள்ள அமிலத் தொகுதிகள் தம்மிடமுள்ள ஹைட்ரஜன் அயனிகளை விடுத்து, அவற்றினிடத்தில் உலோக அயனிகளை ஏற்கின்றன. நீரில் அமிலத்தன்மை மிகுந்தால் ஹைட்ரஜன் அயனிகள் போட்டியிடுவதால் உலோகம் பற்றுவது குறைகிறது. ஆகவே நீரின் அமில நிலையை முதலில் சரிசெய்தல் இன்றியமையாதது.

கோபால்ட், குரோமியம், நிக்கல் பற்றிய சோதனைகளில் ஒரு கிராம் தூள், உலோகத்திற்கேற்ப ஏறத்தாழ 11 முதல் 16 மில்லிகிராம் வரை கவர்ந்தது; நிக்கலுக்கே மிகுந்த அளவு கிடைத்தது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் நிக்கல் கொண்ட நீராயின், கணக்கின்படி ஒரு கிலோகிராம் தூள் 1,600 லிட்டருக்குப் போதும். ஆனால் இது மேலெல்லையே. செறிவு குறைந்த நீரிலும், வேறு உப்புக்கள் கலந்த நீரிலும் பயன் இதனினும் குறையும்.

இங்கு ஓர் உண்மையை மறத்தலாகாது. உலோகம் அழிவதில்லை, நீரிலிருந்து தூளுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. பயன்பட்ட தூளை வயலில் எருவாக இட்டால் உலோகம் மண்ணைச் சேரும். எரித்தால் சாம்பலில் எஞ்சும். நீர்த்த அமிலத்தால் கழுவி உலோகத்தை மீட்டெடுப்பதும், எஞ்சியதைப் பாதுகாப்பாக ஒதுக்குவதுமே முறை. அன்றியும், புதிய தூளிலிருந்து பழுப்பு நிறச் சாறு நீரில் இறங்கும். ஆதலால் இதனை வீட்டுக் குடிநீர் வடிகட்டியாகக் கொள்ளுமாறு கிராமத்தாருக்குப் பரிந்துரைத்தல் தகாது. தொழிற்சாலையின் வாயிலிலேயே, தேர்ந்தோர் மேற்பார்வையில், நீரை முன்னும் பின்னும் பரிசோதித்துக் கையாளத்தக்க முறை இது.