நகையை அடகு வைத்துப் புத்தகம் வாங்கிய சுபேதார்

அண்ணல் அம்பேத்கரை அறிந்த அளவுக்கு அவருடைய தந்தை ராம்ஜி சக்பாலை நாம் அறியவில்லை. மகர் சமூகத்தில் பிறந்த ராம்ஜி, ஆங்கிலேயர் ராணுவத்தில் சுபேதாராக உயர்ந்தவர். ராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியராகவும் இருந்தவர். மாவ் ராணுவக் குடியிருப்பில் 1891 ஏப்ரல் 14 அன்று அவருடைய 14ஆவது பிள்ளையாகப் பிறந்தவர்தான் பீம்ராவ்.

மகர்களை இனி ராணுவத்தில் சேர்ப்பதில்லை என்று அரசு முடிவெடுத்தபோது, ராம்ஜி சும்மா இருக்கவில்லை. நீதிபதி ரானடேயின் உதவியுடன் மனு எழுதி எதிர்த்தார். பலன் கிடைக்கவில்லை.

ஓய்வுக்குப் பின் மனைவி பீமாபாயும் இறந்தார். பிள்ளைகளோடு பம்பாய் பரேலில் ஒற்றை அறையில் குடியிருந்தார். மகன் கேட்கும் புத்தகத்துக்குக் கையில் காசிருக்காது. கல்யாணமான மகள்களிடம் போய்க் கடன் கேட்பார். அவர்களிடமும் இல்லையென்றால், நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனைப் படிக்க எழுப்பிவிடுவார்.

1912இல் மகன் பட்டதாரி ஆனார். 1913 பிப்ரவரி 2 அன்று ராம்ஜி கண்மூடினார். அதே ஆண்டு மகன் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறியதைப் பார்க்க அவர் இல்லை.

தந்தையின் கோரிக்கையை மகனும் கைவிடவில்லை. 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவானது.

பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காக இன்றும் அடகுக்கடை வாசலில் நிற்கும் நம் தகப்பன்மார்களுக்கு, அந்த சுபேதார் அந்நியரல்ல.